பதினொரு வாட்

பர்மா பஜாரில்
சார்ஜர் டப்பாவுக்குள் சுற்றிக் கொடுத்தார்களாம்.
விற்கக் கூடாத பொருள்,
அதனால் ரசீது இல்லை, கையேடும் இல்லை.
எழுபது வரை ஏறும் எண்கள்,
ஏற்ற ஒன்று இறக்க ஒன்று என இரண்டு பொத்தான்கள்.

டென்னிசனும் நானும்
புரசைவாக்கத்தில் மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில்
ஒரே மேசை.
காலை எட்டு மணி வாளியில்
யாருடையதோ பித்தப்பை,
யாருடையதோ கர்ப்பப்பை,
ஒரு பையனின் டான்சில் இரண்டு
தனித்தனி ஜாடிகளில்
ஃபார்மலினில் மிதந்து வரும்.
மூடி திறக்கும் முன்
முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசம் போடுவான்.
எக்ஸாஸ்ட் ஓடவில்லையென்றால்
கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வான்.
"கண்ணு எரியுது வளர்மதி.
இது நுரையீரலுக்குள்ள போச்சுன்னா என்ன ஆகும், தெரியுமில்ல?"

தெரியும்.

பதினோரு மணிக்கு மொட்டை மாடி.
தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவே
அவன் வாயிலிருந்து மாம்பழ மேகம் கிளம்பும்.
அறுபதில் வைத்திருந்தான்.
அறுபதில்தான் கெத்தாம்,
எதிர் மாடியில் துணி உலர்த்துகிறவளின்
நைட்டி வரை போகுமாம்.

சித்திரை வெயிலில் ஒரு நாள்
இழுத்தவன் அப்படியே குனிந்துவிட்டான்.
இருமல், எச்சில், கண்ணில் தண்ணீர்.
"தீஞ்ச வாசனை..."
வாங்கிக் கழற்றிப் பார்த்தேன்.
சுருள் கம்பி கருத்திருந்தது.
பஞ்சு காய்ந்து கரிந்து,
எண்ணெய் தீர்ந்த பின்னும் எரியவிட்ட திரி மாதிரி.

அப்போதுதான் சொன்னேன்.
இந்தத் தித்திப்பு நீர்
சூடு ஏறினால் ஆவியாவதோடு நிற்காது,
உடையும்.
கம்பி எவ்வளவு பழுக்கிறதோ
பஞ்சு எவ்வளவு காய்கிறதோ
அவ்வளவு உடையும்.
உடைந்து வருவதில் ஒன்றை
உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.
காலையில்தான்
இரண்டு கவசம் போட்டு மூடி வைத்தாய்.

சிரித்தான்.
சிரிப்பு பாதியில் நின்றது.
கோபுரத்தைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான்.
பிறகு பேரம் தொடங்கியது,
எக்மோர் வாசலில் ஆட்டோக்காரரிடம் பேசுகிற மாதிரி.

நாற்பத்தைந்து?
முப்பது?
புதுக் கம்பி போட்டு,
பஞ்சு நன்றாக ஊறிய பிறகு,
இருபது?
விடாமல் இழுக்காமல்,
ஒரு இழுப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே
நூறு எண்ணி,
பதினைந்து?

எது குறைவு என்று தெரியும், டென்னிசன்.
எது போதும் என்று தெரியாது.
இந்த எண்ணுக்குக் கீழே ஒன்றும் ஆகாது என்று
யாரும் கையெழுத்துப் போட்ட சீட்டு
என்னிடம் இல்லை.
பூஜ்யத்துக்கு மட்டும்
என்னால் கையெழுத்துப் போட முடியும்.

"பூஜ்யம்னா வெறும் குழாய்தானே!
பெருங்குடி குப்பை மேட்டுக் காத்தை
குழாய் வெச்சு இழுக்கணுமா நான்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதுக் கம்பி வந்தது.
பதினொன்றில் வைத்தான்.
மாம்பழம் வரவில்லை,
மாம்பழத்தைப் பற்றிய ஒரு வதந்தி வந்தது.
எதிர் மாடிக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
நெருப்பு கேட்டு யாரும் நிற்காத
பெட்டிக்கடை வாசல் மாதிரி இருந்தது அவன் முகம்.

கீழே இறங்கினோம்.
மதியம் வழக்கம்போல லோ வோல்டேஜ்.
ஸ்டெபிலைசர் பீப் பீப் என்று அழ,
நூற்று எழுபதுக்குப் போய்
முள் நடுங்கிக்கொண்டிருந்தது.
எக்ஸாஸ்டின் இறக்கைகளை
ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது.
அவன் முதல் கவசம் போட்டான்,
அதன் மேல் இரண்டாவது.
பித்தப்பை ஜாடியைத் தன் பக்கம் இழுத்து
மூடியில் கை வைத்தவன்
திறக்கவில்லை.

நான் லேபிள் எழுதிக்கொண்டிருந்தேன்.
பெண், வயது நாற்பத்திரண்டு, வலது பக்கம்...

இரண்டு துணிகளுக்குப் பின்னாலிருந்து
மெதுவாகக் கேட்டது:

"ஒன்பது?"